உப்புக்காற்றில் சொல்டரிங்: கரையோர வீட்டில் இலத்திரனியல் வேலை செய்பவருக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவிலே கிடக்கிற மணல் திட்டில்தான் என் மேசையும் சொல்டரிங் அயனும். கொழும்பில் வாங்கிவந்த புது றிலே போர்ட் ஒன்றைப் பெட்டியைத் திறந்த கையோடு மேசையில் விட்டுவிட்டு, ஒரு மாரி கழித்து எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடக் கரண்ட் கொடுக்காத போர்ட் அது. திருகாணியெல்லாம் துரு, செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரை நெடுகிலும் இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு போர்ட் இருக்கும்.

வெளியூர்க்காரர் எழுதுகிற குறிப்புகளில் இந்த உப்பு வருவதே இல்லை. ஊரில் வாய்வழியாக வருகிற குறிப்புகளில் பாதி பிழை: நனைந்த போனை அரிசிக்குள் புதை, பற்றரி முனைக்குத் தேங்காயெண்ணெய் பூசு, பாத்திரம் தேய்க்கிற கம்பியால் அயன் நுனியைத் தேய். இந்த மூன்றையும் செய்து மூன்றிலும் நட்டப்பட்டவன் நான். ஒரு வீட்டுச் சாமான் ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதை எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதும் தெரியும். வீட்டுச் சாமான்களால் இந்த வேலையைச் செய்கிற வழிகளை அந்தக் காரணங்களோடு சேர்த்தே சொல்லுகிறேன்.

முதலில் ஒரு சீரீஸ் பல்பு

மல்டிமீற்றருக்கு அடுத்தபடி நான் அதிகம் பாவிக்கிற கருவி ஒரு பழைய இழை பல்பு. திருத்திய சாமானை நேரே 230 வோல்ட்டில் செருகி, "டப்" என்று ஒரு வெடி, பியூஸ் போச்சு, புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டரும் போச்சு என்பது எல்லாருக்கும் நடந்திருக்கும். கரண்டுக்கும் சாமானுக்கும் நடுவில் பல்பு நின்றால் அது நடக்காது.

100 வாட் இழை பல்பு வேண்டும். எல்இடி பல்பும் சிஎஃப்எல்லும் இதற்கு உதவாது. கடைகளில் இழை பல்பு அருகிவிட்டது. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட இன்னும் அதைத்தான் பாவிக்கிறார்கள், ஆகவே கோழித்தீவனக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

1. ஒரு பலகைத் துண்டில் பல்பு ஹோல்டர் ஒன்று, சுவர் சொக்கெட் ஒன்று பூட்டுங்கள். ஹோல்டர் மூடியுள்ளதாக இருக்கட்டும்.

2. பிளக்கிலிருந்து வருகிற வயரில் லைனை மட்டும் வெட்டி, பல்பு வழியாகச் சொக்கெட்டுக்குக் கொண்டுபோங்கள். நியூட்ரலும் எர்த்தும் நேரே போகட்டும். எர்த்தை விட்டுவிட்டால் இந்தப் பலகையைச் செய்யாமலே இருப்பது நல்லது.

3. மூன்று முள் சதுரப் பிளக் என்றால் அதற்குள் இருக்கிற 13 அம்பியர் பியூஸைக் கழற்றி 3 அம்பியர் போடுங்கள்.

4. சொக்கெட்டில் ஒன்றும் இல்லாமல் கரண்ட் கொடுத்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் வயர் மாறியிருக்கிறது.

இனிப் பல்பைப் படிக்கப் பழக வேண்டும். ஒரு ரீவியையோ டிவிடி பிளேயரையோ செருகினால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கும். உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டர் நிரம்புகிற பளிச் அது, நல்ல குறி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ சோர்ட். செருகிய கணத்திலும் இழையில் செம்மைகூடத் தெரியாவிட்டால் பெரும்பாலும் பியூஸோ வயரோ அறுந்திருக்கிறது. மங்கி, பளிச்சிட்டு, மங்கி என்று மூச்சு வாங்கினால் பெரும்பாலும் பவர் சப்ளை கிளம்பப் பார்த்து முடியாமல் விழுகிறது.

ஏன் இப்படி? 100 வாட் பல்பு முழுதாக எரியும்போது அதன் தடை 230ஐ 230ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் வருகிற 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது மீற்றர் வைத்தால் நாற்பது ஓம் அளவில்தான் காட்டும். கரண்ட் குறைவாகப் போகையில் பல்பு வழிவிடுகிறது, கூடினால் தானே சூடேறி மறிக்கிறது. உள்ளே முழுச் சோர்ட் என்றாலும், இழை சூடேறிய பிறகு 0.43 அம்பியருக்கு மேல் போக முடியாது. சாமானைக் காப்பாற்ற அது போதும். உங்களைக் காப்பாற்றப் போதாது. ஆளைக் கொல்ல அதில் ஒரு சிறு பங்கே போதும். டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்காத வீட்டில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். அழுத்தியும் விழாவிட்டால் எலெக்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றிய பிறகு மிச்சத்தைப் பாருங்கள். பிரிட்ஜ், தண்ணி மோட்டர் போன்றவையும் இந்தப் பலகையில் கிளம்பாது. முக்கி முக்கிச் சூடேறும், வேண்டாம்.

இதே வகைப் பல்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். திருப்புளியால் சோர்ட் அடித்து நெருப்புப் பறக்க விடுவது வீரமில்லை. திருப்புளி நுனியும் போர்ட்டும் கருகும். தனியாக ஒரு ஹோல்டரில் பல்பு, அதிலிருந்து நன்றாக இன்சுலேற் செய்த இரண்டு முனை. கப்பாசிட்டரின் இரு காலிலும் வைத்தால் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். பிறகு மீற்றரால் உறுதி செய்துவிட்டுக் கை வையுங்கள்.

சொல்டரிங்: துணி, ஈர்க்கு, கியூடெக்ஸ் போத்தல்

அயன் நுனியைத் துடைக்கிற ஸ்பொஞ்சு காய்ந்து கருகினால் நான் மருதமுனைச் சாரன் ஒன்றில் இருந்து கிழித்த துண்டைப் பாவிக்கிறேன். நான்காக மடித்து, நனைத்துப் பிழிந்து, சிரட்டைக்குள் வைத்தால் முடிந்தது. துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்டர். பொலியெஸ்டர் நுனியில் ஒட்டிக்கொண்டால் பிறகு ஈயம் ஒட்டாது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு துடைப்புக்கும் நுனி குளிர்ந்து சூடேறி வெடிப்புக் காணும்.

பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பியைக் கிட்டவும் எடுக்காதீர்கள். இக்கால நுனிகளில் செம்புக்கு மேலே மெல்லிய இரும்பு முலாம் இருக்கிறது. அது கீறுப்பட்டால் உள்ளே இருக்கிற செம்பை ஈயம் கரைத்துத் தின்றுவிடும், நுனியில் குழி விழும். என் முதல் அயன் இரண்டு மாதத்தில் அப்படிப் போனது. வேலை முடிந்ததும் நுனியைத் துடைக்காமல், புது ஈயம் தாராளமாகப் பூசி அப்படியே அணையுங்கள். உப்புக்காற்றுக்கும் நுனிக்கும் நடுவில் அந்த ஈயம் நிற்கும்.

போர்ட்டின் துளை ஈயத்தால் அடைபட்டால் ஈர்க்கு எடுங்கள். விளக்குமாற்றில் இருந்து நல்ல விறைப்பான ஒன்றை உருவி, நுனியைச் சீவுங்கள். ஒரு பக்கம் அயனால் ஈயத்தை உருக்கி, மறுபக்கத்தால் ஈர்க்கை மெல்ல நுழைத்து, அயனை எடுத்து, ஈயம் இறுகியதும் ஈர்க்கைச் சுழற்றி இழுத்தால் வட்டமான துளை. ஈயம் மரத்தில் ஒட்டாது என்பதுதான் சூட்சுமம். காத்தான்குடியில் றேடியோ திருத்துகிற நானா ஒருவரிடம் கற்றது இது. "காசு குடுத்து பம்ப் வாங்கினா ஸ்பிறிங் துருப்பிடிக்கும் தம்பி, ஈர்க்குக்கு என்ன வரப்போகுது" என்றார்.

ஈயம் நன்றாகப் பிடிக்கப் பூசுகிற பிளக்ஸ் விடயத்தில் கவனம். சின்னத் தகர டப்பாவில் வருகிற மலிவுப் பேஸ்ட் சில தகரவேலைக்கானவை. அவற்றில் இருக்கிற சிங்க் குளோரைட் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். எங்கள் காற்றில் கேட்கவே வேண்டாம். ரோசின் (பைன் மரப் பிசின்) கட்டி கிடைத்தால் பிளக்ஸை நாமே செய்யலாம். பிடில் வில்லில் தேய்க்கிற ரோசினும் அதே சாதிதான். ஒரு பங்கு ரோசினைக் கல்லில் பொடித்து, மூன்று பங்கு ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் போட்டு ஒரு இரவு விடுங்கள். தேன் நிறத்தில் கரைந்திருக்கும். காலியான கியூடெக்ஸ் (நகப்பூச்சு) போத்தலை ரிமூவரால் இரண்டு தடவை அலசிக் காயவைத்து அதில் ஊற்றினால் மூடியோடு பிரஷும் ரெடி. சாமிக்குப் போடுகிற சாம்பிராணியும் பிசின்தானே என்று கேட்காதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன். வீடு மணத்தது, ஈயம் பிடிக்கவில்லை.

சூடு கட்டுப்பாடு இல்லாத சாதாரண அயன் என்றால் பழைய தந்திரம் ஒன்று உண்டு. அயனுக்குப் போகிற லைனில் 1 என் 4007 டயோட் ஒன்றைத் தொடராகப் போட்டு, டயோட்டின் குறுக்கே ஒரு சுவிட்ச் வையுங்கள். சுவிட்ச் மூடியிருந்தால் முழுச் சூடு. திறந்தால் டயோட் அரை அலையைத்தான் விடும், வலு பாதியாகும். யோசிக்கிற நேரத்தில் பாதியில் விட்டால் நுனி கருகாது. 40 வாட் அயன் 0.17 அம்பியர்தான் எடுக்கும், டயோட் தாங்குவது 1 அம்பியர். எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே போர்ட் இருக்கிற, சூடு மாற்றுகிற அயன்களுக்கு இது சரிவராது. இன்சுலேசனுக்குச் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றுகிற பழக்கமும் ஊரில் இருக்கிறது. அந்தக் கறுப்பு கார்பன் கலந்தது, 230 வோல்ட்டுக்கு நம்பக் கூடாது.

உப்பை வெளியே நிறுத்துதல்

முடித்த போர்ட்டை அப்படியே பெட்டியில் போட்டால் ஒரு மாரிதான் தாங்கும். முதலில் பிளக்ஸ் எச்சத்தைக் கழுவுங்கள். பாமசியில் கிடைக்கிற, எண்ணெய் கலக்காத சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். ஆனால் அதில் தண்ணீரும் கலந்திருப்பதால் காற்றாடியின் முன்னே நன்றாகக் காயவிட வேண்டும். சூடான அயன் பக்கத்தில் இருக்கக் கூடாது, தீப்பற்றும். கொரோனா காலத்தில் மிஞ்சிய கை சனிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் இருக்கும். பிசுபிசுப்பு நின்று ஈரத்தைக் கூப்பிடும்.

காய்ந்த பிறகு நிறமில்லாக் கியூடெக்ஸை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். திருகாணி முனை, சொக்கெட், சுவிட்ச், சென்சர், திருகிச் சரிசெய்கிற பொட் இவற்றில் படக் கூடாது. சூடேறுகிற றெசிஸ்டருக்கும் 230 வோல்ட் ஓடுகிற பகுதிக்கும் பூச வேண்டாம். கியூடெக்ஸ் நெருப்புக்கு நல்ல தீனி. 5, 12 வோல்ட் வேலைகளுக்கு இது அருமை. வாசலில் வைத்த மழை சென்சர் ஒன்றின் போர்ட் இப்படிப் பூசியபின் மூன்றாவது மாரியைப் பார்க்கிறது.

பற்றரி முனைக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது பிழை. நாள்பட்டால் பசையாகித் தூசி பிடிக்கும், எறும்பும் வரும். வஸ்லீன் மெல்லியதாக, முனையைப் பூட்டிய பிறகு வெளியில் பூசுங்கள்.

உதிரிச் சாமான்களை ஊறுகாய்ப் போத்தலில் வையுங்கள், இறுக்கமான மூடியோடு. உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பக்கெட் இரண்டு. அது சில மாதத்தில் நிறைந்துவிடும். பக்கெட்டைக் கிழித்து வெள்ளை மணிகளைப் பழைய தாச்சி ஒன்றில் கொட்டி, குறைந்த நெருப்பில் கிளறிச் சூடாக்கினால் ஈரம் போய்த் திரும்பவும் வேலை செய்யும். ஆறியதும் துணியில் முடிந்து வையுங்கள். நீல மணி என்றால் அதில் கோபால்ட் இருக்கலாம், நஞ்சு, அடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தாச்சியும் இனிச் சமையலுக்கு இல்லை. உம்மா, அம்மா யாராக இருந்தாலும் இதை முதலே சொல்லிவிடுவது நல்லது. ஈயம் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பியூட்டர் றாமின் தங்க விளிம்பு மங்கினால் பள்ளிப் பிள்ளையின் மென்மையான அழிறப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகளைத் தட்டி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். மணல் கலந்த மை அழிறப்பர் வேண்டாம், தங்கத்தை உரிக்கும்.

கசிந்த பற்றரிக்கு ஒரே மருந்து இல்லை. அல்கலைன் என்று எழுதியிருந்தால் கசிவு காரம்: பஞ்சுக்குச்சியில் வினாகிரி, இல்லாவிட்டால் தேசிக்காய்ச் சாறு. பொங்கும், பொங்கல் அடங்கும் வரை துடையுங்கள். சாதாரண கார்பன் பற்றரியின் கசிவு அமிலப் பக்கம்: அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் பிறகு சுத்தத் தண்ணீர் தொட்ட பஞ்சு, கடைசியில் ஸ்பிரிட். வினாகிரியை அப்படியே விட்டால் அது தன் பங்குக்கு அரிக்கும்.

வெள்ளத்தில் நனைந்தால்

2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு மாமி ஒரு றேடியோவைக் கொண்டுவந்தார். "ரெண்டு நாள் அரிசிக்குள்ள வெச்சன் தம்பி, மறுகா போட்டுப் பார்த்தா கொரகொரங்குது." திறந்தால், தவிட்டுத் தூளும் வெள்ளச் சேறும் குழைந்து வொலியூம் பொட்டில் களிபோல அப்பியிருந்தது. ஸ்ரேசன் மாற்றுகிற தட்டுகளுக்கு நடுவே இரண்டு அரிசி. உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போடுவது வேறு. அங்கே அது காற்றின் ஈரத்தைச் சிறிது இழுக்கும். சிப்புக்கு அடியில் நிற்கிற தண்ணீரை அரிசி எட்டாது, உப்பையும் சேற்றையும் அது தொடவே தொடாது. போர்ட்டைக் கொல்வதோ அந்த உப்பும் சேறும்தான்.

ஆகவே செய்ய வேண்டியது தலைகீழ்: முதலில் கழுவ வேண்டும். கரண்டைத் துண்டித்து, பற்றரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. கழற்றும் முன் போனால் படம் எடுத்து, திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசைப்படி போடுங்கள். போர்ட்டைத் தனியே எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பிரஷால் கழுவுங்கள். வாகன பற்றரிக்கு விடுகிற தண்ணீர் அதுதான். அசிட் போத்தலோடு மாறாமல் லேபலைப் பாருங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலே உப்பு இருக்கிறது. பிறகு ஸ்பிரிட்டில் ஒரு கழுவல், பிறகு காற்றாடிக்கு முன்னே இரண்டு நாள். ஸ்பீக்கர், டிஸ்பிளே, டிரான்ஸ்போமர் மூன்றையும் தண்ணீரில் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவிடலாம். நனைந்த லித்தியம் பற்றரியைத் திருத்த நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு முதல் கரண்ட், வேறெதிலும் இல்லை, சீரீஸ் பல்புப் பலகையில். மாமியின் றேடியோ பாடியது. வொலியூம் பொட் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

மழையைவிடப் பல்லிக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. இன்வேர்ட்டர் பெட்டிக்குள் சூடு தேடிப் போய், இரண்டு தடத்துக்குக் குறுக்கே கிடந்து, தானும் செத்துப் போர்ட்டையும் கொல்லும். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாக நைலோன் நுளம்பு வலை ஒட்டுங்கள். இரும்பு வலை வேண்டாம், துருப்பிடித்து உதிர்ந்தால் அதுவே சோர்ட்.

கடைசியாக, வாவிக்குள் ஒரு காது

இத்தனையும் கைவந்தால் ஒரு சின்ன வேலை. கல்லடிப் பழைய பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்து, வாவிக்குள் இருந்து வருகிற பாடுமீன் ஓசையைக் கேட்பது நம் ஊர் வழக்கம். துடுப்பு செய்கிற வேலையைப் பழைய அலாரம் மணிக்கூட்டின் பீசோ தட்டும் (அதிர்வை மின்னாக்குகிற தட்டு) செய்யும்.

27 மில்லிமீற்றர்த் தட்டு நல்லது. வெள்ளைப் பீங்கான் முகத்தில் அயன் ஒரு செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாது, வெள்ளிப் பூச்சு கழன்றுவிடும். நம் கியூடெக்ஸ் போத்தல் ரோசின் இங்கே கைகொடுக்கும். சீல்ட் (வெளிக் கம்பிப் பின்னல்) உள்ள மைக் வயரின் நடுக்கம்பியைப் பீங்கானுக்கும் சீல்டைப் பித்தளைக்கும் பற்றவைத்து, போத்தல் மூடிக்குள் வைத்து, இரண்டு ரியூப் கலக்கிற பசையால் முழுதாக மூடுங்கள். ஊசி நுழைகிற இடைவெளி விட்டாலும் உப்புத்தண்ணி போய்விடும்.

இதை நேரே போனின் மைக் துளையில் கொடுத்தவர்கள் "ஒன்றும் கேட்கவில்லை" என்பார்கள். தட்டு ஏறத்தாழ 20 நானோபரட் கப்பாசிட்டர் மாதிரி நடக்கும். போன் உள்ளீட்டின் தடை 2 கிலோ ஓம் அளவு என்றால் 4000 ஹேட்ஸுக்குக் கீழே எல்லாம் வடிந்துபோகும், மீனின் குரலும் அதோடு போய்விடும். உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம் என்றால் 8 ஹேட்ஸ் வரை இறங்கிக் கேட்கும். ஆகவே 9 வோல்ட் பற்றரியில் டிஎல் 072 என்கிற பெருக்கிச் சிப் ஒன்று: இரண்டு 100 கிலோ ஓமால் பாதி வோல்ட் எடுத்து, அதிலிருந்து 1 மெகா ஓம் வழியாக நேர்முக (+) உள்ளீட்டுக்கு, பீசோவும் அங்கேதான், நடுவில் 0.1 மைக்ரோபரட் கப்பாசிட்டர். பெருக்கம் இருபது மடங்கு போதும். வெளியீட்டை 10 மைக்ரோபரட் வழியாக றெக்கோடருக்குக் கொடுங்கள்.

நான் முதல் தடவை இறக்கியபோது கடுகு தாளிக்கிற மாதிரிப் படபடவென்று விடாமல் வெடித்தது. கெட்ட சொல்டர் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாக் காலையும் மறுபடி பற்றவைத்தேன். அடுத்த இரவும் அதே படபடப்பு. சேர்க்கிட்டில் ஒரு பிழையும் இல்லை. கொடுக்கைச் சொடுக்குகிற ஒருவகைச் சின்ன இறாலின் சத்தம் அது. அதைக் கேட்டுக் கழற்றாதீர்கள், பொறுத்திருங்கள். கரைக்கு எடுத்ததும் வயரையும் மூடியையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, ஊறுகாய்ப் போத்தலுக்குள் போடுங்கள்.